வெப்பக் காற்று பலூனின் துணியும் வடிவமும்: புதுச்சேரித் தையல் பட்டறையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொங்கல் சமயத்தில் பொள்ளாச்சி பலூன் திருவிழா வீடியோக்கள் போனில் சுற்ற ஆரம்பித்தால் போதும், எங்கள் பட்டறைக்கு வருகிறவர்கள் தார்ப்பாய் விலையை விட்டுவிட்டுப் பலூன் துணியைப் பற்றிக் கேட்பார்கள். நாங்கள் படகு மூடும் துணி, கடை முகப்புக்கு நிழல்துணி, கூடாரம் தைக்கிறவர்கள். ஆள் ஏறும் பலூன் தைப்பதில்லை. ஆனாலும் கூடையையும் பர்னரையும் கழற்றி வைத்துவிட்டுப் பார்த்தால் பலூன் என்பது முழுக்க முழுக்கத் தையல் வேலைதான். பள்ளி மாணவர்கள், ரிசார்ட் நடத்துகிறவர்கள், சும்மா ஆர்வத்தில் கேட்கிறவர்கள் எல்லோருக்கும் சேர்த்து இங்கே பதில்.

உறை என்றால் எது?

கூடைக்கும் பர்னருக்கும் மேலே தெரிகிற துணி மொத்தமும் உறை. அதில் மேலிருந்து கீழாக ஓடும் துணித் துண்டுகள், அவற்றின் மேல் தைத்த கனமான நாடாக்கள், உச்சியில் நாடாக்கள் எல்லாம் வந்து சேரும் உலோக வளையம், காற்றை வெளியேற்றும் வால்வு, கீழே திறந்த வாய் ஆகியவை அடங்கும். வாயிலிருந்து கூடைக்கு இறங்குவது எஃகுக் கம்பி. சில பலூன்களில் கெவ்லார் என்ற உறுதியான செயற்கை இழைக் கயிறு.

பாராசூட் துணி உங்களிடமே இருக்கிறதே, அதில் ஒரு பலூன் தைத்துத் தர முடியாதா?

ஆள் ஏறுவதற்கு என்றால் முடியாது. இதில் பேரம் பேசியும் பயனில்லை.

கடைத்தெருவில் பாராசூட் துணி என்ற பெயரில் கிடைப்பது பெரும்பாலும் குடைக்கும் மழைக்கோட்டுக்கும் பைக்கும் வண்டி உறைக்கும் நெய்த மெல்லிய நைலான் அல்லது பாலியெஸ்டர். கையால் தொட்டுப் பார்த்தால் பலூன் துணிக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. பலூன் துணி ரிப்ஸ்டாப் நெசவு. பாவிலும் ஊடையிலும் சில மில்லிமீட்டருக்கு ஒருமுறை தடித்த இழை ஓடும். சின்னச் சின்னக் கட்டங்களாகக் கண்ணுக்குத் தெரியும். கிழிசல் ஆரம்பித்தால் அடுத்த தடித்த இழையில் முட்டி நின்றுவிடும். இந்த நெசவு கடைத்தெருவிலும் கிடைக்கிறது, மறுக்கவில்லை. விஷயம் பூச்சில் இருக்கிறது. மழைத் துணியின் பூச்சுக்குத் தண்ணீரைத் தடுப்பது ஒன்றே வேலை. பலூன் துணியில் பூசும் பாலியூரித்தேனோ சிலிகானோ, காற்று கசியாமல் இழை இடுக்குகளை அடைக்க வேண்டும். நூறு டிகிரிச் சூட்டில் நூற்றுக்கணக்கான மணி நேரம் உரியாமல் நிற்க வேண்டும். வெயிலின் புற ஊதாக் கதிரையும் தாங்க வேண்டும். இத்தனையும் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 40 முதல் 70 கிராம் எடைக்குள் முடிய வேண்டும்.

இன்னொன்று சட்டம். இந்தியாவில் ஆள் ஏறும் பலூன் ஒரு விமானமாகக் கருதப்படுகிறது; அது டிஜிசிஏ என்ற மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் கட்டுப்பாட்டுக்குள் வருகிறது. பலூன் செய்கிற கம்பெனிகள், இங்கிலாந்தின் பிரிஸ்டலில் இருக்கும் கேமரன், செக் நாட்டின் பர்னோவில் இருக்கும் குபிசெக், ஸ்பெயினின் அல்ட்ராமேஜிக் போன்றவை, துணியையும் தையலையும் சோதித்துச் சான்று வாங்கித்தான் விற்கின்றன. குபிசெக் தன் துணியைத் தானே தயாரிக்கிறது. எங்கள் ரசீதுப் புத்தகம் அந்தச் சான்றுக்கு ஈடாகாது.

நைலான் நல்லதா, பாலியெஸ்டர் நல்லதா?

இரண்டும் பறக்கின்றன. நைலான் கொஞ்சம் இழுபடும், அதனால் திடீர் இழுப்பைத் தாங்கும். கிழிசலுக்கும் எளிதில் இடம் கொடுக்காது. பாலியெஸ்டர் அவ்வளவு இழுபடாது, சூட்டையும் வெயிலையும் கூடுதலாகத் தாங்கும். ஈரத்திலும் வித்தியாசம் உண்டு. சாதாரண ஈரப்பதத்தில் நைலான் தன் எடையில் சுமார் நான்கு சதவீதம் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பாலியெஸ்டர் அரை சதவீதம்கூட எடுக்காது. நவம்பரில் புதுச்சேரியில் உப்பு ஜாடியைத் திறந்து வைத்திருப்பவர்களுக்கு இது ஏன் முக்கியம் என்று சொல்ல வேண்டியதில்லை. கடலோர ஊருக்கு எது என்று என்னைக் கேட்டால் பாலியெஸ்டர் பக்கம்தான் கை காட்டுவேன்.

அவ்வளவு பெரிய நெருப்பு எரிகிறதே, துணி உருகாதா?

நெருப்பு துணியைத் தொடுவதில்லை. புரொப்பேன் சுடர் வாயின் நடுவே மேல்நோக்கிப் போகிறது. துணிக்குப் போய்ச் சேருவது சூடான காற்று மட்டும். வழக்கமான பறத்தலில் உச்சியில் வெப்பம் 100 டிகிரி செல்சியஸ் பக்கம் இருக்கும், அதிகபட்ச வரம்பு பெரும்பாலும் 120 டிகிரியை ஒட்டி வைத்திருப்பார்கள். நைலான் உருகுவது அதன் வகையைப் பொறுத்து 220 முதல் 260 டிகிரியில். பாதிக்குப் பாதி இடைவெளி இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் உருகுவதற்கு வெகு முன்பே துணி பலம் இழக்கத் தொடங்கும், பூச்சும் கெடும். அதனால் உச்சியில் வெப்பமானி வைத்து விமானி பார்த்துக்கொண்டே இருப்பார். குறிப்பிட்ட சூட்டில் நிறம் மாறும் பட்டையும் உள்ளே ஒட்டியிருக்கும். ஒருமுறை வரம்பைத் தாண்டினாலும் அந்த நிறம் திரும்பாது, ஆய்வாளரிடம் மறைக்க முடியாது.

சுடருக்குப் பக்கத்தில் இருக்கும் வாய்ப் பகுதிக்கு மட்டும் நோமெக்ஸ் துணி. தீயணைப்பு வீரர் உடையில் இருக்கும் அதே இழை. உருகாது, தீப்பற்றியும் தொடர்ந்து எரியாது. உறை முழுவதையும் அதிலேயே தைக்கலாமே என்றால், எடையும் விலையும் எங்கோ போய்விடும்.

நடுவானில் ஓட்டை விழுந்தால் டப்பென்று வெடிக்குமா?

வெடிக்காது. பிறந்தநாள் பலூன் வெடிப்பது, உள்ளே அடைபட்ட காற்று ரப்பரை இழுத்துக்கொண்டிருப்பதால். இதற்கு வாய் திறந்தே இருக்கிறது. கணக்குப் போட்டால் பதினெட்டு மீட்டர் உயர உறையின் உச்சியில் வெளிக்காற்றை விட 40 முதல் 50 பாஸ்கல்தான் கூடுதல் அழுத்தம். அதாவது அரை சென்டிமீட்டர் உயரத் தண்ணீர் தரும் அழுத்தம். பைக் டயரில் இருப்பது அதைப்போல ஆயிரக்கணக்கான மடங்கு. கை நுழையும் அளவு ஓட்டை விழுந்தாலும் கேஸ் கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும், அவ்வளவுதான். கவலைப்பட வேண்டியது உச்சிக்குப் பக்கத்தில் நீளமாகப் போகும் கிழிசலுக்கு. குறுக்கேயும் நெடுக்கேயும் நாடா தைத்திருப்பது, அப்படி ஒரு கிழிசல் தன் கட்டத்தைத் தாண்டிப் போகாமல் இருப்பதற்காக.

எல்லா பலூனும் ஏன் ஒரே வடிவம்? முழு உருண்டையாகத் தைக்கக் கூடாதா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது.

வாயருகே உள்ளேயும் வெளியேயும் அழுத்தம் சமம். மேலே போகப் போக உள்ளிருந்து தள்ளும் அழுத்தம் ஏறும், உச்சியில் அதிகம். கூடையின் எடை முழுவதும் கீழே ஓரிடத்தில் தொங்குகிறது. இந்த நிலையில் துணிக்கு இடுப்பைச் சுற்றி இழுப்பே இல்லாமல், மேலிருந்து கீழான இழுப்பு மட்டும் இருக்க வேண்டுமென்றால் அது எந்த வடிவம் எடுக்கும்? கணக்கின் விடை: மேலே அகன்று உருண்டு, நடுவுக்குக் கீழே வளைவு குறைந்து, வாயை நோக்கிக் கூம்பாக ஒடுங்கும் வடிவம். யாரும் அழகுக்காக வரைந்தது இல்லை. இழுப்பு ஒரே திசையில் இருப்பதால் அந்தத் திசையில் நாடா தைத்துவிட்டால் போதும். எடையை நாடா சுமக்கும், துணி காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால்தான் துணி அவ்வளவு மெல்லியதாக இருக்க முடிகிறது. படகு மூடும் துணியிலும் நாங்கள் செய்வது இதுதான்: கயிறு இழுக்கும் இடத்தில் நாடா ஓடும், துணியை நம்பி வளையம் அடிக்க மாட்டோம்.

உருண்டைக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. ஒரே கொள்ளளவுக்கு மிகக் குறைந்த துணி பிடிப்பது உருண்டைதான். பழைய ஹைட்ரஜன் பலூன்கள் உருண்டையாக இருந்தன. அவற்றுக்கு மேலே வலை போர்த்தி, கூடையை வலையில் தொங்கவிட்டார்கள். வலை எடையைப் பரப்பிவிட்டது. வெப்பக் காற்று பலூனில் வலை இல்லை, தைத்த நாடாதான் வலை.

துண்டுகள் வெட்டுவது சாத்துக்குடிச் சுளையின் தோல்போல: நடுவில் அகலம், இரு முனையிலும் ஒடுக்கம். எட்டு சுளையிலும் பலூன் உண்டு, இருபத்து நான்கிலும் உண்டு. சுளை குறைவாக இருந்தால் இரண்டு நாடாக்களுக்கு நடுவே துணி நன்றாகப் புடைத்து நிற்கும். பார்க்கத் தளர்வாகத் தெரிந்தாலும் துணிக்கு அதுவே நிம்மதி, ஏனென்றால் வளைவு இறுக்கமாக இருந்தால் அதே அழுத்தத்துக்குத் துணியில் இழுப்பு குறையும். சுளை அதிகமானால் மேற்பரப்பு வழவழப்பாகும், விளம்பரம் அச்சடிக்க வசதி. தையல் நீளமும் கூடும். போட்டிக்குப் பறக்கிறவர்கள் ஒல்லியான முட்டை வடிவம் கேட்பார்கள், வேகமாக ஏறி இறங்க அது தோது.

அப்படியானால் விலங்கு முக வடிவ பலூன்கள் எப்படி நிற்கின்றன?

உள்ளே கயிறும் தடுப்புத் துணியும் வைத்துத்தான். காற்று எல்லாவற்றையும் உருட்டிவிடப் பார்க்கும். தட்டையாக இருக்க வேண்டிய முகத்தை உள்ளிருந்து துணிச்சுவர்கள் இழுத்துப் பிடிக்கும். காது, மூக்கு, கொம்பு எல்லாம் தனிப் பைகளாகத் தைத்து, உறையிலிருந்து துளை வழியாகக் காற்று போகும்படி இணைத்திருப்பார்கள். துணி அதிகம், எடை அதிகம், அதே கொள்ளளவுக்கு ஆள் குறைவு. காற்று கொஞ்சம் கூடினாலும் முதலில் மடித்து வைக்கப்படுவது இவைதான். பொள்ளாச்சியில் குழந்தைகள் இதைப் பார்க்கத்தான் அழுது அடம்பிடிக்கின்றன. தையல்காரனாகச் சொன்னால் எனக்கும் ஆசைதான்.

தையல் எந்த மாதிரி?

ஜீன்ஸ் கால்சட்டைப் பக்கவாட்டில் இருக்கும் மடிப்புத் தையல்: இரண்டு துண்டின் ஓரத்தையும் ஒன்றுக்குள் ஒன்று மடித்து இரட்டை ஊசியில் இணையாக இரண்டு வரி. நூல் பாலியெஸ்டர் அல்லது நைலான். பருத்தி நூலுக்கு வேலையில்லை. சுமார் 2,800 கன மீட்டர் உறைக்கு ஆயிரம் சதுர மீட்டர் அளவில் துணி போகும். பட்டறையில் துணி மலைபோல் குவியாமல் தைத்து முடிப்பதே ஒரு வித்தை.

முதல் பலூனை எதில் செய்தார்கள்?

சாக்குத் துணியிலும் காகிதத்திலும். பிரான்சின் அன்னோனே ஊரில் காகிதத் தொழில் நடத்திய மாங்கோல்ஃபியே சகோதரர்கள் 1783 ஜூன் 4 அன்று ஊரார் முன்னால் பறக்கவிட்ட பலூனில், துணித் துண்டுகளுக்கு உள்ளே காகிதம் ஒட்டி, துண்டுகளைப் பொத்தான் போட்டு இணைத்திருந்தார்கள். தையல் இல்லை, பொத்தான்! அதே ஜூன் மாதம் நம்ம கடலூரில் பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் கோட்டைக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். 20ஆம் தேதி கடற்போரும் நடந்தது. இங்கே பீரங்கிப் புகை, அங்கே வைக்கோல் புகையில் பலூன்.

செப்டம்பர் 19 அன்று வெர்சாயில் ஓர் ஆடு, ஒரு வாத்து, ஒரு சேவல் பறந்தன. நவம்பர் 21 அன்று பாரிசில் பிலாத்ர் த ரோசியேயும் மார்க்கி தார்லாந்தும் பறந்தார்கள். தீப்பிடிக்காமல் இருக்கத் துணிக்குப் படிகாரம் பூசியிருந்தும், அடியில் எரிந்த வைக்கோலின் பொறி பட்டு ஓட்டைகள் விழுந்தன. ஈரப் பஞ்சால் ஒற்றி ஒற்றி அணைத்துக்கொண்டே போனார்கள். இடையில் ஆகஸ்ட் 27 அன்று ஷார்ல் என்ற அறிவியலாளர் ரப்பர் பூசிய பட்டில் ஹைட்ரஜன் பலூன் விட்டார். அது கோனெஸ் கிராமத்தில் இறங்கியபோது, பூதம் என்று பயந்த ஊர்க்காரர்கள் குத்திக் கிழித்துவிட்டார்கள்.

அப்புறம் நீண்ட காலம் கேஸ் பலூன்களின் ராஜ்ஜியம். இப்போது நாம் பார்க்கும் நைலான் உறையும் புரொப்பேன் பர்னரும் சேர்ந்த பலூனை அமெரிக்காவின் எட் யோஸ்ட் 1960 அக்டோபர் 22 அன்று நெப்ராஸ்காவின் புரூனிங்கில் பறக்கவிட்டார். இந்தியர்களுக்கும் இதில் ஓர் இடம் உண்டு: 2005 நவம்பர் 26 அன்று ஜவுளித் தொழிலதிபர் விஜய்பத் சிங்கானியா மும்பையிலிருந்து கிளம்பி 21,027 மீட்டர் உயரம் போனார். அந்த உறை 16 லட்சம் கன அடி.

நம்ம ஊர் மில்களில் இதை நெய்திருக்க முடியாதா?

புதுச்சேரி மில்கள் பருத்திக்குப் பெயர் போனவையாக இருந்தன. 1898இல் தொடங்கிய, ஊரார் ரோடியர் மில் என்று சொல்லும் ஏ.எஃப்.டி. உட்பட. பலூன் துணிக்கு வேண்டியது அறுபடாத செயற்கை இழையும், அதற்கான பூச்சு எந்திரமும். பருத்தியில் நெய்தால் எடை கூடும், ஈரம் பிடிக்கும். நெசவாளர்களின் திறமையில் குறை இல்லை, தொழிலே வேறு.

பலூன் உச்சியில் வட்டமாகத் துணி தெரிகிறதே?

அது இறங்குவதற்கான வால்வு. உச்சியில் பெரிய வட்ட ஓட்டை. உள்ளிருந்து சின்ன பாராசூட் ஒன்று அதை மூடியிருக்கும். மேலே தள்ளும் காற்றே அதை அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. விமானி கயிற்றை இழுத்தால் திறக்கும், விட்டால் தானே மூடிக்கொள்ளும். பெரிய உறைகளில் பக்கவாட்டிலும் பிளவு இருக்கும்; அதைத் திறந்தால் பலூன் நின்ற இடத்தில் சுழலும், கூடையின் நீளப் பக்கத்தை இறங்கும் திசைக்கு ஏற்பத் திருப்பலாம்.

நம்ம ஊர் வெயிலுக்கு பலூன் சரியாக வருமா?

வரும், ஆனால் தூக்கும் சக்தி குறையும். 2,800 கன மீட்டர் உறை, உள்ளே 100 டிகிரி என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். வெளியே 10 டிகிரி என்றால் மொத்தம் 840 கிலோ தூக்கும். 20 டிகிரியில் 720. புதுச்சேரிக் காலைபோல 30 டிகிரி என்றால் 610தான். உறை, கூடை, பர்னர், நிரம்பிய சிலிண்டர்கள் சேர்ந்தே 300 கிலோவைத் தாண்டிவிடும். ஈரக்காற்று உலர்ந்த காற்றை விட லேசானது என்பதால் இன்னும் கொஞ்சம் குறையும். அதனால் ஒன்று, ஆள் குறைக்க வேண்டும். இல்லையென்றால் உறையைக் கூடுதலாகச் சூடாக்க வேண்டும், அது துணியின் ஆயுளைத் தின்னும்.

எங்கள் ரிசார்ட் கடற்கரையில் கயிறு கட்டி பலூன் நிறுத்தலாமா?

மாதம் ஒருவராவது கேட்கிறார். அனுமதி, விமானி, காப்பீடு எல்லாம் ஒழுங்காக இருந்தாலும் இடம் பற்றி யோசியுங்கள். சுதந்திரமாகப் பறக்கும் பலூன் காற்றோடு சேர்ந்தே போவதால் உறைக்குக் காற்று அடிக்காது. கயிற்றில் கட்டிய பலூனைக் காற்று பக்கவாட்டில் அறையும். உறை குழியும், வாய் சுருங்கும், சுடர் துணிப்பக்கம் சாயும். நிமிர்த்திப் பிடிக்க மேலும் மேலும் எரிக்க வேண்டிவரும். ஒரு மணி நேரக் கயிற்றுப் பறத்தல் துணியைப் படுத்தும் பாடு சாதாரணமானதல்ல. உப்புக் காற்றில் உச்சி வளையம், கம்பி, கொக்கி எல்லாம் துருவுக்குக் குறி.

கயிறில்லாமல் என்றால் இன்னும் சிக்கல். பலூன் பறக்க உகந்தது விடியற்காலை. நம் கரையில் அந்த நேரத்தில் பல நாள் காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசும். கிழக்கே வங்காள விரிகுடா, இறங்க இடமில்லை. உள்நாட்டுப் பக்கம் போனால் பாகூர் வயல்கள், நெல்லிக்குப்பம் கரும்பு, பண்ருட்டி முந்திரி, வழியெல்லாம் சவுக்குத் தோப்பும் சீமைக் கருவேல முள்ளும். முள்ளில் இறங்கிய உறையை எடுத்து மடிப்பதற்கு முன் ஒவ்வொரு சுளையாக விரித்துப் பார்க்க வேண்டும். பொள்ளாச்சியில் முடிகிறது என்பதால் இங்கும் முடியும் என்று பணம் போடாதீர்கள்.

பள்ளிக் கண்காட்சிக்குக் காகித பலூன் செய்ய வேண்டும், அளவு சொல்ல முடியுமா?

தாராளமாக. பட்டத் தாள் வாங்குங்கள். சதுர மீட்டர் 20 கிராம் என்று வைத்துக்கொள்வோம். எல்லோரும் ஒரு மீட்டர் விட்டத்தில் ஆரம்பிக்கிறார்கள், அங்கேதான் ஏமாற்றம். அந்த உருண்டைக்குத் தாளே 63 கிராம், பசை தனி. வெளியே 28 டிகிரி, உள்ளே 60 டிகிரி என்றால் அது தூக்குவது 60 கிராம்கூட இல்லை. இரண்டு மீட்டராக்குங்கள்: தாள் 250 கிராம், தூக்குவது 470 கிராம். விட்டம் இரட்டித்தால் தாள் நான்கு மடங்கு, உள்ளிருக்கும் காற்று எட்டு மடங்கு. பாராசூட் துணியில் சின்ன மாதிரி பறக்காததற்கும் இதே கணக்குதான் காரணம்.

இரண்டு மீட்டருக்குப் பதினாறு சுளை. தாள்களை நீளவாக்கில் ஒட்டி ஒவ்வொன்றும் 314 செ.மீ. நீளம், நடுவில் அகலம் 39 செ.மீ., முனையிலிருந்து 78 செ.மீ. தள்ளி 28 செ.மீ., ஒட்டுவதற்கு ஓரத்தில் ஒரு செ.மீ. கூடுதல். கீழ் முனையை வெட்டி 40 செ.மீ. வாய் விட்டு, சுற்றி மெல்லிய மூங்கில் பிளாச்சு வளையம் ஒட்டுங்கள். சூடாக்க நாங்கள் பிவிசி ஷீட் ஒட்டும் ஹீட் கன் இரண்டு போதும். தகரக் குழாய் வழியாக, தாளில் படாமல், ஆசிரியர் பக்கத்தில் இருக்க. ஜனவரிக் காலை, காற்றில்லாத கூடம், நூல் கட்டியபடி. மெழுகு வைத்து மாடியிலிருந்து விடுகிற லாந்தர் மட்டும் வேண்டாம். அது எந்தக் கீற்றுக் கூரையில், எந்த வலைக் குவியலில் போய் விழும் என்று விடுகிறவருக்குத் தெரியாது.

ஓர் உறை எத்தனை நாள் உழைக்கும்? பழையது கிடைத்தால் வாங்கலாமா?

நாள் கணக்கு இல்லை, பறந்த மணிக் கணக்கு. பராமரிப்பைப் பொறுத்து 400, 500 மணி நேரம் என்பது சாதாரணம். சூட்டாலும் வெயிலாலும் பூச்சு தேய்ந்து காற்று கசிய ஆரம்பிக்கும், கேஸ் செலவு ஏறும். ஆய்வில் துணியை இழுத்துப் பார்த்து, பலம் குறைந்திருந்தால் உறைக்கு ஓய்வுதான். ஈரத்தோடு மடித்து வைத்தால் பூஞ்சை பிடித்து இன்னும் சீக்கிரம் போகும். மழைக்காலத்தில் இங்கே அதை எங்கே விரித்துக் காயவைப்பீர்கள்?

ஓய்வு பெற்ற உறையில் இன்னொரு பலூன் தைக்கக் கூடாது, அதைத் தவிர எல்லாம் தைக்கலாம். பை, பட்டம், வண்டி உறை, குழந்தைகள் கூடாரம். கொண்டுவந்தால் தைத்துத் தருகிறோம். உச்சிப் பக்கத் துணியை மட்டும் தனியாக ஒதுக்கி வையுங்கள், அதுதான் அதிகம் வெந்திருக்கும், ஊசி போட்ட இடத்திலேயே கிழியும்.